வயிற்று நோயாளியின் மனதையும் கேளுங்கள்

எண்டோஸ்கோப்பி நார்மல். ஸ்கேன் நார்மல். ரத்தப் பரிசோதனையும் நார்மல். “ஒண்ணுமில்லம்மா, டென்ஷனைக் குறைச்சுக்குங்க” என்று ஓர் அமிலக் குறைப்பு மாத்திரையை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார் மருத்துவர். அந்தப் பெண்ணுக்கு வலி அப்படியேதான் இருக்கிறது. தன் வலியை யாரும் நம்பவில்லை என்கிற துயரமும் இப்போது சேர்ந்துகொள்கிறது. ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோயோடு வாழ்பவர்கள் பலர் கண்ட அனுபவம் இது.

இந்த வலி கற்பனையல்ல. குடற்சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. வேகஸ் நரம்பு வழியே குடலும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. சிலருக்கு இந்தத் தொடர்பில் கூருணர்வு மிகுந்து, சாதாரணக் குடல் அசைவே வலியாகத் தெரிகிறது. 2016இல் வெளியான ரோம் 4 என்ற நோய் வரையறை, ஐ.பி.எஸ். போன்றவற்றைக் குடல்-மூளை ஊடாட்டக் கோளாறுகள் என்றே வகைப்படுத்தியது. ‘எல்லாம் மனசுதான்’ என்று கைகழுவுவதும் தவறு. மனதைத் தொடாமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போவதும் தவறு.

குடலில் புண்ணும் ரத்தப்போக்கும் கண்ணுக்கே தெரிகிற கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளின் பாடு இன்னும் கடினம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான அலசல், இவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குப் பதற்ற அறிகுறிகளும் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகளும் இருப்பதாகச் சொன்னது. பெரும்பாலும் இளவயதில், படிப்பும் வேலையும் கல்யாணப் பேச்சும் கூடிவரும் பருவத்தில் தொடங்கும் நோய்கள் இவை. மறுநாள் பேருந்துப் பயணம் என்றால் முந்தைய இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வண்டி எங்கே நிற்கும், அங்கே கழிப்பறை திறந்திருக்குமா, கேட்டால் நடத்துநர் நிறுத்தச் சொல்வாரா என்ற கணக்கே வழிநெடுக மனதில் ஓடும். விசேஷ வீட்டில் “ஏன் இலையில அப்படியே இருக்கு?” என்று கேட்பார்களே என்பதற்காக, போவதையே விட்டுவிடுகிறார்கள். இந்த ஒதுங்கலை எந்தக் கொலோனோஸ்கோப்பியும் காட்டாது.

வழியில்லாமல் இல்லை. ஐ.பி.எஸ். நோயில் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை பலன் தருவது நிறுவப்பட்டிருக்கிறது. குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் உதவுவதை 2023இல் லான்செட்டில் வெளியான பிரிட்டன் ஆய்வொன்று காட்டியது. விலை மலிவான பழைய மருந்து அது. ஆனால், மனச்சோர்வு மாத்திரை என்று யாரோ சொல்லக் கேட்டு நோயாளி பாதியில் நிறுத்திவிடாமலிருக்க, அதை ஏன் தருகிறோம் என்று உட்காரவைத்து விளக்க வேண்டும். அந்த நேரம் அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் கிடையாது. வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது மருத்துவரை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல.

எனவே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குடல்நோய்ப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஓர் உளவியலாளரைத் தமிழக அரசு நியமிக்க வேண்டும். மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக்கொடுப்பது போதாது. “எனக்கென்ன பைத்தியமா?” என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உதவி அதே பிரிவில், அதே நாளில் கிடைக்க வேண்டும். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, மனம் சோர்ந்திருந்தீர்களா என்ற இரண்டு கேள்விகளைச் செவிலியர் எடை பார்க்கும்போதே கேட்டுவிடலாம். மனச்சோர்வை முதல்நிலையில் கண்டறிய உலகெங்கும் பயன்படும் கேள்விகள்தாம் இவை.

மருத்துவமனைக்கு வெளியேயும் அரசுக்கு வேலை இருக்கிறது. கிரோன் நோயுள்ள ஒரு சிறுமிக்குக் கடையொன்றில் கழிப்பறை மறுக்கப்பட்டதை அடுத்து, இத்தகைய நோயாளிகளுக்கு ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டுமென 2005இல் சட்டம் செய்தது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம். கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையை 2021இல் சட்டமாக்கிய தமிழ்நாட்டுக்கு இது எட்டாத காரியமல்ல. அதுவரை, கழிப்பறை பூட்டிக்கிடக்கும் சாலையோர உணவகத்தில் அரசுப் பேருந்து நிற்காது என்பதில் போக்குவரத்துத் துறை கறாராக இருக்கட்டும்.