உபாத்தியாயரின் சந்தேகம்

ஆசிரியப் பயிற்சி பெறுவோரும், பணியிலிருக்கும் ஆசிரியர்களில் ஒரு சாராரும், செயலாராய்ச்சி என்ற பெயரால் ஓர் அறிக்கை தயாரித்து, முன்தேர்வு, பின்தேர்வு, சராசரி, முடிவு என்று அட்டவணைகளை ஒழுங்காக நிரப்பி, அட்டை போட்டுக் கட்டிச் சமர்ப்பிக்கும் சம்பிரதாயம் நம்மிடையே நிலைபெற்று நெடுங்காலமாகிறது. அவ்வறிக்கைகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. அநேகமாக அவற்றில் எந்தச் சோதனையும் தோற்பதில்லை. பின்தேர்வில் குழந்தைகள் தவறாமல் முன்னேறிவிடுகிறார்கள். அறிக்கைகளில் இவ்வளவு முன்னேற்றம் கண்ட நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் கழித்தல் கணக்கில் இன்னும் தடுமாறுவானேன் என்று கேட்டால், பதில் சொல்வது எளிதன்று.

அந்தக் கழித்தல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்கச் சொன்னால், மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை முப்பத்தைந்து என்று எழுதுகிறது. தப்பு என்று சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டு அடுத்த நோட்டைப் புரட்டும் ஆசிரியர் ஒரு வகை. இதே தப்பை வகுப்பில் பல பிள்ளைகள் ஒரே விதமாகச் செய்திருக்கிறார்களே என்று கண்டு, பிள்ளையை அருகில் அழைத்து, 'எப்படிச் செய்தாய், சொல்லு கண்ணு' என்று கேட்கும் ஆசிரியர் மற்றொரு வகை. 'ரெண்டுலேருந்து ஏழு போகாது டீச்சர், அதனாலே ஏழுலேருந்து ரெண்டைக் கழிச்சேன். பெரிசுலேருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க' என்று அது பதில் சொல்லுமானால், பிழையின் பிறப்பிடம் பிள்ளையின் மந்தபுத்தியன்று, சென்ற ஆண்டு தாமே சௌகரியத்துக்காகச் சொல்லிக்கொடுத்த அரைகுறை விதி என்பது அவருக்கு அக்கணமே பிரத்தியட்சமாகும். பிறகு அவர் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டி இரண்டு வாரம் நடத்திப் பார்க்கிறார்; குறித்துக்கொள்கிறார்; மறுபடி சோதிக்கிறார். பலர் தேறிவிட, நானூற்றிரண்டு போன்று நடுவில் பூஜ்யம் வரும் எண்ணில் அவர்களே மீண்டும் விழுகிறார்கள். ஆசிரியருக்கு அடுத்த கேள்வி கிடைத்துவிடுகிறது. செயலாராய்ச்சி என்பது இவ்வளவுதான். இதற்கு அட்டவணை துணை செய்யலாம். ஆனால் மூலதனம் தம் போதனையின்மீதே ஆசிரியர் கொள்ளும் சந்தேகம்.

மேல்நாட்டில் இதற்குப் பெயர் சூட்டியவர் கர்ட் லெவின் என்ற சமூக உளவியல் அறிஞர். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது 1946இல். பள்ளிக்கூடத்துக்கு உரியதாக அதை வளர்த்துப் புத்தகமாக எழுதியவர் கொலம்பியா ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி, 1953இல். ஆனால் அதற்கு முன்னரே, வக்கீல் தொழிலை விட்டுக் குழந்தைக் கல்விக்கு வந்த கிஜுபாய் பதேகா, குஜராத்தியில் எழுதிய சிறு நூலொன்றில், கல்வி அதிகாரியிடம் நான்காம் வகுப்பைக் கேட்டுப் பெற்று, ஓராண்டு முழுதும் கதை, விளையாட்டு, நாடகம் என்று பரிசோதித்து, முதல் நாளே தம் திட்டம் கலகலத்துப்போனதையும் ஒளிக்காமல் சொல்லும் ஓர் உபாத்தியாயரைப் படைத்துவிட்டார். 'பகல் கனவு' என்ற பெயரில் அது தமிழிலும் உண்டு. நம் ஆசிரியர்களுக்கு நூறு சுற்றறிக்கைகள் செய்யாத உபகாரத்தை அந்த ஒரு நூல் செய்யும் என்பது என் அபிப்பிராயம்.

செஞ்சிச் சீமையில் வாழும் நமக்கோ பரிசோதனை என்பது அந்நியச் சரக்கே அன்று. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் அமைத்ததாக மண்டகப்பட்டில் கல்லில் பொறித்து வைத்த மகேந்திரவர்மன், தன்னை விசித்திரசித்தன் என்று அழைத்துக்கொண்டது வெறும் பட்டப் பெருமையன்று. மண்டகப்பட்டின் எளிய தூண்களையும், தளவானூரின் மகர தோரணத்தையும், தேசூரை அடுத்த எங்கள் சீயமங்கலத்துக் குடைவரையின் தூண் தலைப்பில் ஆடும் சிவனையும் ஒருசேரப் பார்த்து வருபவர்களுக்கு, ஒரே கருத்தை இடத்துக்கு இடம் மாற்றி முயன்று பார்த்த ஒரு மனம் தென்படும். ஒரே அச்சில் வார்த்துத் தொண்டை மண்டலம் எங்கும் வைக்க அவன் முற்படவில்லை.

கல்வித்துறை அந்தப் பாடத்தைக் கற்கத் தவறியது என்பதற்குச் செயல்வழிக் கற்றலின் சரித்திரமே சாட்சி. ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில், ஓராசிரியர் பல வகுப்புகளை நடத்த வேண்டிய நிர்ப்பந்தத்திலிருந்து பிறந்த அட்டைகளையும் ஏணிப்படியையும் கண்டு வந்து, சென்னை மாநகராட்சியில் ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் ஊக்கத்தால் 2003இல் 13 பள்ளிகளில் ஆசிரியர்கள் முயன்று பார்த்தார்கள். அட்டைகளை அவர்களே எழுதினார்கள், திருத்தினார்கள், தகராறு செய்தார்கள். நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்தார்கள். நான்கைந்து ஆண்டுகளுக்குள் அதே முறை மாநிலத்தின் ஏறத்தாழ 37,000 பள்ளிகளுக்கும் ஆணையாகச் சென்றபோது, அட்டைகள் அங்கெல்லாம் போயின, கம்பிப் பந்தலும் கீழ்மட்டக் கரும்பலகையும் போயின. அவற்றைப் பெற்றெடுத்த தகராறு மட்டும் போகவில்லை. எங்கோ ஓர் ஆசிரியரின் கேள்விக்குக் கிடைத்த விடை, மற்றவர்களுக்குக் கேள்வியே இல்லாத விடையாக வந்து சேர்ந்தது. அம்முறையால் குழந்தைகளின் அச்சம் குறைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சிட்ட அட்டையில் ஒரு சொல்லை மாற்றலாமா என்று ஆசிரியர் அஞ்சும் நிலையும் அதனுடனேயே வந்தது.

இன்று 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் நடக்கிறது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். ஒரு பிள்ளை ஏன் மாதக்கணக்கில் அரும்பாகவே நிற்கிறது என்று ஆசிரியர் விசாரிக்கத் தொடங்கினால் அந்தப் பிரிவினைக்கு அர்த்தமுண்டு. கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றியதோடு கடமை முடிந்தது என்றால் இல்லை.

வேறு வழி இருந்ததா என்போர் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தை நோக்கலாம். 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அங்குள்ள விஞ்ஞானக் கல்வித் திட்டத்தில், ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தப் பரிசோதனை வகுப்பில் பலித்தது, எது பலிக்கவில்லை என்று பேசினார்கள். அந்தப் பேச்சைக்கொண்டு பாடநூல் திருத்தப்பட்டது. அரசாங்கம் 2002இல் அதை நிறுத்திவிட்டது. முப்பதாண்டுகள் நடந்த ஒன்றை நடவாதது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

நம்மிடம் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் பயனாகத் தோன்றிய மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் நமக்கு அணித்தே மயிலத்திலும் கீழ்பென்னாத்தூரிலும் இருக்கின்றன; குறுவள மையக் கூட்டங்களும் நடக்கின்றன. ஆனால் அக்கூட்டங்களில் மேலிருந்து வந்த கையேட்டை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதே வழக்கமாயிருக்கிறது. ஈராசிரியர் பள்ளியிலிருந்து, ஒரு வகுப்பைச் சக ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் பிடித்து வருகிறவருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இராது என்று எண்ணுவது அநியாயம். கல்வித்துறை அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் சிறியது: ஒவ்வொரு குறுவள மையக் கூட்டத்திலும் முதல் ஒரு மணி நேரத்தை ஆசிரியர்களுக்கு விட்டுவிடுங்கள், தம் வகுப்பில் தோற்றுப்போன ஒரு முயற்சியை அவர்கள் அங்கே சொல்லட்டும், சொன்னதற்காக எவரிடமும் விளக்கம் கேட்காதீர்கள்.