இரைச்சல் யாருடையது?

பறையை வீட்டில் பதிவு செய்ய இயலாது, அதன் இயல்பே இரைச்சல், மிருதங்கம் போல் அது பதிவுக்கு இசைந்து வராது என்றொரு கருத்து நண்பர்கள் நடுவே கூச்சமின்றி உலவுகிறது. இதைச் சொல்பவர்கள் பறையின் பகைவர்கள் அல்லர். நாட்டார் கலைகளை ஆவணப்படுத்தப் புறப்பட்டவர்கள். கைப்பேசியும் மடிக்கணினியும் ஒரு சிறிய ஒலிவாங்கியும் கையில் வைத்திருப்பவர்கள். பகைவர் சொன்னால் புறந்தள்ளிவிடலாம். இவர்கள் சொல்வதால் மறுத்தெழுத வேண்டியிருக்கிறது.

இக்கருத்துக்கு நீண்ட மரபு உண்டு. தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணியது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வரைந்த அடியார்க்குநல்லாரோ, தோற்கருவிகளைத் தரம் பிரிக்கையில் மத்தளத்தை உத்தமத்தில் வைத்துக் கணப்பறையை அதமத்தில் தள்ளினார். அவர் காலத்து அரங்குக்கு அது பொருந்தியிருக்கலாம். நாமோ அதே தீர்ப்பை, ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்ததைச் சான்றாகக் காட்டி மீண்டும் வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சிவப்பு விளக்கு எதைச் சொல்கிறது? பதினாறு பிட் பதிவில் ஒலியின் உயரத்தைக் குறிக்க 65,536 படிகள் உள்ளன. மேற்படிக்கு அப்பால் படியில்லை. அடி அதைத் தாண்டினால் அலையின் முடி சீவப்பட்டுத் தட்டையாகிறது. சீவப்பட்ட அலையில், பறையில் பிறவாத புதிய அதிர்வுகள் கலந்துவிடுகின்றன. நாம் கேட்கும் கரகரப்பு அதுவே. அது தோலிலிருந்தும் வரவில்லை, குச்சியிலிருந்தும் வரவில்லை. பேச்சுக்காக வைத்த உள்ளீட்டு அளவைப் பறைக்கும் அப்படியே விட்டுவைத்தவரின் கையிலிருந்து வருகிறது.

பறையின் வன்மை அதன் தொடக்கத்தில் இருக்கிறது. சிம்புக்குச்சி தோலைத் தொடும் கணத்தில் ஒலி உச்சம் தொட்டு, சில மில்லி நொடிகளில் இறங்கிவிடும். சராசரியைக் காட்டும் அளவுமானியில் அந்த உச்சம் தெரியவே தெரியாது. முள் நடுவில் அமைதியாக நிற்க, அலையோ தலையிழந்திருக்கும். ஆகவே உச்சத்தைக் காட்டும் மானியைப் பார்க்க வேண்டும். கலைஞரிடம் 'உங்கள் ஆகப் பெரிய அடியை அடியுங்கள்' என்று கேட்டு, அந்த அடி மேல் எல்லைக்குப் பன்னிரண்டு டெசிபல் கீழே நிற்குமாறு அளவை இறக்க வேண்டும். வாசிப்பு சூடேறும்போது கை இன்னும் ஓங்கும். அதற்கான இடம் அது. இருபத்துநான்கு பிட்டில் பதிந்தால் இதனால் இழப்பென்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. பதிவு மெலிந்து கேட்கிறதே என்று அஞ்சுவோர் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம்.

நாங்கள் கேட்க நேர்ந்த ஒரு பதிவில் பறை ஈரத்துணியை அடித்தாற்போல் ஒலித்தது. விசாரித்தபோது, பதிவு செய்தவர் கலைஞரிடம் தோலைத் தீயில் காய்ச்ச வேண்டாம், மெல்ல அடியுங்கள் என்று கேட்டுக்கொண்டதாக அறிந்தோம். கரகரப்பு வரக்கூடாதாம்! காய்ச்சி முறுக்கேற்றாத தோலில் பறையின் குரல் எழாது என்பதை அறியாதவர் பறையை ஆவணப்படுத்துகிறார். ஒலிவாங்கியை இரண்டடி பின்னுக்கு நகர்த்துவதைவிட ஒரு கலைஞனின் கையை அடக்குவது எளிதாக இருந்திருக்கிறது. சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட கருவியை மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அக்கருவியையே தாழ்ந்து பேசச் சொல்வதற்கு என்ன பெயர்?

தொலைவுதான் மலிவான மருந்து. திறந்தவெளியில் தொலைவு இருமடங்காகும்தோறும் ஒலி ஆறு டெசிபல் குறையும். கால் மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குப் போனால் பதினெட்டு டெசிபல், காசு செலவில்லை. அறைக்குள் இக்கணக்கு முழுதாகச் செல்லாது, ஏனெனில் சிமெண்டுத் தரையும் எதிரெதிர்ச் சுவர்களும் ஒலியைத் திருப்பி அனுப்பும். அங்கே ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தால் பறையைவிடச் சுவரே அதிகம் பேசும். போர்வைகளைத் தொங்கவிடலாம், முற்றமோ மாடியோ இருந்தால் இன்னும் நன்று, காற்றுக்கு ஒலிவாங்கியின் மேல் பஞ்சுறை போட்டால் போதும்.

வெளி ஒலிவாங்கி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பெருக்கியிலேயே அலை சீவப்பட்டுவிட்டால், கணினித் திரையில் அளவை இறக்கிப் பயனில்லை. முடி இழந்த அலை உருவில் சிறுத்துத் தெரியும், அவ்வளவே. முன்பெருக்கியின் குமிழைக் குறையுங்கள். ஒலிவாங்கியில் ஒலியைத் தணிக்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். கைப்பேசியில் வேறொரு தொல்லை. பேச்சைப் பதியும் செயலிகள் பல தாமாகவே அளவை ஏற்றி இறக்கும்: அடி விழுந்ததும் ஒலியை அமுக்கி, இடைவெளியில் தெரு நாயின் குரைப்பைத் தூக்கிக் காட்டும். இரைச்சல் நீக்கம் என்ற வசதியோ பறையொலியையே இரைச்சலெனக் கருதி அரிக்கும். இரண்டையும் அணைக்க வழிதரும் செயலியைத் தேடிக்கொள்ள வேண்டும்.

மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாமே என்பர். சீவப்பட்ட முடியை மென்பொருள் அறியாது. இருபுறமும் எஞ்சிய சரிவைப் பார்த்து ஊகித்து வரைகிறது. ஓரிரு அடிகளில் அந்த ஊகம் காதை ஏமாற்றும். பாட்டு முழுதும் சீவப்பட்டிருந்தால் ஊகிக்க எதுவும் எஞ்சாது. ஏட்டில் செல்லரித்த இடத்தில் பதிப்பாசிரியர் தாமே சொல் புனைந்து நிரப்பினால் நாம் ஒப்புவோமா? புள்ளியிட்டுக் காட்டு என்றல்லவா சண்டையிடுவோம்!

ஏற்கெனவே சிதைந்த பதிவுகளை அழித்துவிடச் சொல்லவில்லை. மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, கருவி எது, தொலைவு எவ்வளவு, உள்ளீட்டு அளவு என்ன என்று உடன் எழுதி வையுங்கள். வாசித்தவர் அருகிலேயே இருக்கிறார் என்றால் மீண்டும் செல்லுங்கள். இம்முறை அவர் தோலைக் காய்ச்சி முடிக்கும் வரை காத்திருங்கள்.