ரெஜைனாவின் இரண்டு சிலைகள்

பொதுவெளிச் சிலைகளை அகற்றுவது குறித்த உரையாடல் தொடங்கினால், நம் கல்விப்புல நண்பர்கள் உடனே இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். அகற்றுவது வரலாற்றை அழிப்பது என்பது ஓர் அணி. நிறுத்தி வைப்பது வன்முறையைத் தொடர்வது என்பது மற்றோர் அணி. ஒரு சிலையை யார் கேட்டார்கள், யாரைக் கேட்காமல் செய்தார்கள் என்ற கேள்வி இரு அணிகளின் பேச்சிலும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அந்தக் கேள்வியை முன்வைக்கக் கனடாவின் பிரெய்ரி சமவெளியில் உள்ள ரெஜைனா என்னும் நகரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

சஸ்காச்சுவான் மாகாணத்தின் தலைநகரான ரெஜைனாவின் மக்கள்தொகை சுமார் 2.25 லட்சம், நம் கணக்கில் ஒரு மாவட்டத் தலைநகர் அளவு. மேட்டிஸ் மக்களின் தலைவர் லூயி ரியேல் 1885 நவம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்டது இங்கேதான். 1869-70இல் செவ்வாற்றங்கரையில் அவர் தலைமை தாங்கிய எதிர்ப்பின் விளைவாகவே மனிடோபா மாகாணம் பிறந்தது. கனடிய நாடாளுமன்றத்துக்கு மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டும் ஒருமுறைகூட அவரால் இருக்கையில் அமர முடியவில்லை. 1885 எழுச்சி முறியடிக்கப்பட்ட பின் அவரை விசாரித்த ஆறு பேர் கொண்ட நடுவர் குழு, குற்றவாளி என்று தீர்ப்பளித்தபோதே கருணை காட்டுமாறும் பரிந்துரைத்தது. பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டின் அரசு அதை ஏற்கவில்லை.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, அடுத்தடுத்த ஆண்டுகளில், இவ்விருவருக்கும் அதே நகரில் சிலை வைத்தார்கள். கனடாக் கூட்டாட்சியின் நூற்றாண்டான 1967இல் விக்டோரியா பூங்காவில் மெக்டொனால்ட். 1968இல் சட்டமன்ற வளாகத்தை ஒட்டி ரியேல். தூக்குக்குக் காரணமானவரும் தூக்கிலேறியவரும் சில கிலோமீட்டர் இடைவெளியில் வெண்கலமாக நின்றார்கள். தேசிய நல்லிணக்கம் என்று அன்று அதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் சிலைகளை உற்றுப் பார்த்தால் அந்த நல்லிணக்கம் கலைந்துவிடும். மெக்டொனால்ட் தன் காலத்து அரசியல்வாதிக்குரிய முழு உடையில் நின்றார். ரியேலோ மேலங்கி ஒன்றைத் தவிர வேறு உடையில்லாமல், அண்ணாந்த முகத்தோடு நின்றார்.

ரியேல் சிலையைச் செய்த ஜான் நியூஜென்ட் சாதாரணக் கலைஞர் அல்லர். அவர் முதலில் முன்வைத்தது மனித உருவமே இல்லாத, மேல்நோக்கி எழும் ஓர் அருவ வடிவம். அன்றைய மாகாண முதல்வர் ராஸ் தாட்சர் அதை மறுத்து, மனித உருவம்தான் வேண்டும் என்றார். இந்த இழுபறியில் உருவான சிலையைத் திறந்து வைத்தவர் பிரதமர் பியேர் ட்ரூடோ. முதல்வரின் விருப்பம் இருந்தது, கலைஞரின் பிடிவாதம் இருந்தது, பிரதமரின் வருகை இருந்தது. மேட்டிஸ் மக்களிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நவீனச் சிற்ப மரபில் ஆடையற்ற உடல் என்பது மானுடத் துயரின் பொதுக்குறி என்பது உண்மையே. அதனை அறியாதவர்களே ரியேல் சிலையை எதிர்த்தார்கள் என்று கலை வரலாற்று மாணவர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு குறியீட்டை வாசிக்கப் பயிற்சி தேவை. அவமதிப்பை உணர அந்தப் பயிற்சி தேவையில்லை. உடையணிந்த மெக்டொனால்ட் அதே நகரில் நிற்கும்போது, உடையற்ற ரியேல் பொதுக்குறியாக இருக்க முடியாது. ஒப்பீடாகத்தான் இருக்க முடியும். தம் தலைவரை ஓர் அரசியல் தலைவராகக் காண விரும்பிய மேட்டிஸ் மக்களின் கோரிக்கையால் 1991இல் அந்தச் சிலை அகற்றப்பட்டு, மெக்கென்சி கலைக்கூடத்தின் சேகரிப்புக்குச் சென்றது.

மனிடோபாவின் வினிபெக் நகரிலும் இதே கதை நடந்தது. மார்சியன் லெமே வடித்த, முறுக்கிய உடலுடன் கூடிய ஆடையற்ற ரியேல், சட்டமன்ற வளாகத்தில் இரண்டு உயர்ந்த வளைசுவர்களுக்கு நடுவே நின்றது. 1994இல் அதை அகற்றியபோது முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சிலையோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு எதிர்ப்புத் தெரிவித்தார். சிலை பின்னர் செயின்ட் போனிஃபாஸ் கல்லூரி வளாகத்துக்குப் போயிற்று. 1996இல் அதன் இடத்தில் மிகேல் ஜொயால் வடித்த, கண்ணியமாக உடையணிந்த ரியேல் வந்தார். சிற்பமாக மட்டும் பார்த்தால் லெமேயின் படைப்பே வலிமையானது என்பேன். ஜொயாலின் சிலை எந்தத் தலைநகரிலும் காணக்கூடிய வகையைச் சேர்ந்தது. ஆனால் அந்த வழக்கமான வகைதான் ரியேலுக்கு நூறாண்டுக்கும் மேலாக மறுக்கப்பட்டிருந்தது.

நியூஜென்ட்டின் வேறொரு படைப்பும் அகற்றப்பட்டது. வினிபெக்கில் கனடிய தானிய ஆணையக் கட்டடத்தின் முன் அவர் நிறுவிய மஞ்சள் நிற எஃகுச் சிற்பத்தின் பெயர் ‘நம்பர் ஒன் நார்தர்ன்’. அது உயர்தரக் கோதுமையைக் குறிக்கும் வணிகப் பெயர். அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை, 1978இல் எடுத்துவிட்டார்கள், பல ஆண்டுகளுக்குப் பிறகே அது மீண்டும் அங்கு வந்தது. ‘நவீனக் கலையைப் பொறுக்காத பிரெய்ரி’ என்ற தலைப்பின் கீழ் இவ்விரு அகற்றங்களையும் அடுக்கத் தோன்றும். அடுக்கக் கூடாது. எஃகுக் கோதுமையால் எவருடைய மானத்துக்கும் பங்கம் நேரவில்லை. அங்கே மோதியது ஓர் அலுவலகத்தின் ரசனை. ரியேல் விஷயத்தில் எழுந்ததோ, ஒரு மக்களின் உருவத்தின் மீது யாருக்கு உரிமை என்ற வழக்கு. முன்னதைத் தணிக்கை என்று கண்டிக்கலாம். பின்னதை அதே சொல்லால் அழைத்தால் அந்தச் சொல்லே பயனற்றுப் போகும்.

மெக்டொனால்ட் சிலைக்கு வருவோம். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளி முறையை விரிவாக்கியதிலும், பஞ்ச காலத்தில் சமவெளி மக்களுக்கான உணவைக் கட்டுப்படுத்தியதிலும் அவருடைய அரசின் பங்கு ஆவணங்களில் உள்ளது. 2021 மார்ச் இறுதியில் ரெஜைனா நகர மன்றம் வாக்கெடுப்பு நடத்திச் சிலையை அகற்ற முடிவு செய்தது. ஏப்ரலில் அது கிடங்குக்குச் சென்றது. கம்லூப்ஸ் பள்ளி வளாகச் செய்தி வந்தது அதற்குப் பின், மே மாதத்தில். ஆகவே இதை அந்தக் கொந்தளிப்பின் விளைவு என்று எழுதுவது காலவரிசைப் பிழை. முந்தைய ஆண்டு மாண்ட்ரியாலில் மெக்டொனால்ட் சிலை கூட்டத்தால் வீழ்த்தப்பட்டதோடும் இதைக் குழப்பலாகாது. இங்கே விவாதித்து, வாக்களித்து, கிரேன் வைத்து இறக்கினார்கள்.

இருந்தும் ஒரு குறை இருக்கிறது. ரியேல் சிலை சென்றது ஒரு கலைக்கூடத்தின் சேகரிப்புக்கு. அங்கே அது ஆய்வுப்பொருள். மெக்டொனால்ட் சென்றது கிடங்குக்கு. அங்கே அவர் வெறும் உலோகம். இவ்விரு சிலைகளையும் ஒரே கூரையின் கீழ், யார் பணித்தார்கள், யாரைக் கேட்கவில்லை என்ற விவரங்களோடு எதிரெதிரே நிறுத்தலாம். எந்தப் பீடமும் வேண்டாம், தரையிலேயே நிறுத்தட்டும். எந்த இடத்தில், எந்தச் சொற்களோடு என்பதை முடிவு செய்யும் குழுவில் இந்த முறையாவது மேட்டிஸ், கிரீ மக்களின் பிரதிநிதிகள் முதல் கூட்டத்திலிருந்தே இருக்க வேண்டும்.