10 கே கிடைக்கலன்னா புராஜெக்ட்டை மூட்டை கட்டணுமா?



அறிவியல் கண்காட்சி வந்தாலே ஒரு புலம்பல் கேட்கும். "ஆடியோ மிக்ஸர் (தின்கிற மிக்ஸர் இல்லீங்க!) சர்க்யூட்ல 10 கே வால்யூம் கண்ட்ரோல் போட்டிருக்கு. கடையில 100 கே தான் இருக்காம். விடுடா, வேற செய்வோம்." இப்படிக் கைவிடுவது தேவையே இல்லை என்பது என் கருத்து. ஒரு கண்ட்ரோலுக்காகச் சென்னை ரிச்சி தெரு வரை போய்வர எல்லார் வீட்லயும் காசு இருக்கா?

மைக் சத்தத்தையும் செல்போன் பாட்டையும் கலக்கும் மிக்ஸரில் இந்தக் கண்ட்ரோல் என்ன செய்யுது? வர்ற மின்னழுத்தத்தைப் பங்கு போடுது. நம்ம லேபில் உள்ள மின்னழுத்தமானிக் கம்பி செய்யும் அதே வேலை. நடுவில் வைத்தால் 10 கேயிலும் பாதி, 100 கேயிலும் பாதி. சாதாரண கார்பன் கண்ட்ரோலில் 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது சகஜம். 10 கேன்னு வாங்குறதே 8 கேயாக இருக்கலாம்!

அதுக்காக எதையும் எங்கேயும் மாட்டலாம்னு சொல்லலை. கண்ட்ரோலுக்கு அடுத்து ஆப்-ஆம்ப்புக்குப் போகும் மின்தடை 10 கே என்று வைத்துக்கொள்வோம். 10 கே கண்ட்ரோலை நடுவில் வைத்தால் 40 சதவீதம் கிடைக்கும். 100 கே போட்டாலோ 14 சதவீதம்தான்! முக்கால்வாசி திருகும்வரை முனகிட்டு, கடைசியில திடீர்னு கத்தும். இதுக்கு வழி இருக்கு. அந்த மின்தடைகளையும் பின்னூட்ட மின்தடையையும் 100 கே ஆக்கினால் மறுபடி அதே 40 சதவீதம். கொஞ்சம் 'உஸ்' சத்தம் கூடலாம், அவ்வளவுதான்.

1 கேக்கு இறங்கினால் வேறு தொல்லை. முன்னால் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்தால், சுமார் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் மங்கிடும். மிருதங்கத்தோட தொப்பி சத்தம் காணாமல் போகும்.

ஆக, மாற்றலாமா கூடாதா என்பதைச் சொல்லுவது கணக்குதான். அந்தக் கணக்கு பன்னிரண்டாம் வகுப்பு ஓம் விதியைத் தாண்டிப் போகலை.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். கண்காட்சியில் "புத்தகத்துல உள்ளபடி போட்டியா?"ன்னு கேட்காம, "ஏன் இந்த மதிப்பு?"ன்னு கேளுங்க. மாற்றிப் போட்டு காரணம் சொல்றவனுக்கு ரெண்டு மார்க் கூடவே குடுங்க. சர்க்யூட்டை அப்படியே பார்த்து ஒட்டுவது எழுத்துப் பயிற்சி. கிடைத்ததை வைத்து ஓட வைப்பதுதான் அறிவியல்!