இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வீடு வாங்கத் துப்பில்லையா?



எந்த விசேஷத்துக்குப் போனாலும் இப்போதெல்லாம் ஒரு பேச்சு காதில் விழுகிறது. "நாங்க ஒண்ணுமில்லாத காலத்துலயே வீடு கட்டினோம். இந்தப் பசங்க சம்பாதிக்கிறதை எல்லாம் செல்போன், பைக்குன்னு விட்டுடறாங்க." சொல்பவர்கள் என் வயதுக்காரர்கள். பதில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் என்னிடம் படித்த பிள்ளைகள். அவர்களுக்காகக் கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் மலைக் கணக்கு. நெல்லிவாசல்நாட்டிலோ புதூர்நாட்டிலோ புங்கம்பட்டுநாட்டிலோ நம் தாத்தா பாட்டிமார் வீடு "வாங்கியது" கிடையாது, கட்டினார்கள். மண் காலடியில் இருந்தது. மூங்கிலும் கூரைப்புல்லும் காட்டிலிருந்து வந்தன. சுவர் வைக்கவும் கூரை வேயவும் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் வந்து நின்றார்கள். அவர்களுக்குச் சாமைச் சோறு ஆக்கிப் போட்டால் போதும், நாளைக்கு அவர்கள் வீட்டு வேலைக்கு நாம் போய் நிற்போம். ரொக்கமாகச் செலவானது ரொம்பக் கொஞ்சம். அந்தக் கூரை மழையில் ஒழுகும், தீக்குப் பயப்பட வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதனால் அந்தக் காலத்தைச் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணமான பையன் தனிக்குடித்தனம் போக 20 வருடம் கடன் கட்டவில்லை.

அடுத்து, என்னைப் போல ஆசிரியர் பயிற்சி முடித்து அரசு வேலைக்கு வந்தவர்கள் கணக்கு. 1988 சம்பளக் குழுப்படி இடைநிலை ஆசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 1,200 ரூபாய். இப்போதைய விகிதத்தில் அது 20,600 ரூபாய். ஏறக்குறைய 17 மடங்கு. இன்றைய அகவிலைப்படியைச் சேர்த்தாலும் 30 மடங்கைத் தாண்டாது. உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் காலத்து மனைப் பத்திரம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். திருப்பத்தூரில் அதே தெருவில் இன்று சென்ட் என்ன விலை என்றும் விசாரியுங்கள். நிலத்தின் விலை 30 மடங்கோடு நின்றிருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள். எங்களுக்கு வீடு கட்ட அரசு முன்பணம் கிடைத்தது. கடைசியில் பென்ஷன் வரும் என்ற தைரியமும் இருந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலைக்கு வந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில்தான் சேர்த்தார்கள். தனியார் கம்பெனியில் இருக்கும் பிள்ளைக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

இப்போது என் மாணவர்களின் கணக்கு. ஆம்பூரில் ஷூ கம்பெனியிலோ ஓசூரில் ஒரு தொழிற்சாலையிலோ வேலை செய்யும் பையன் மாதம் 15 ஆயிரம் வாங்குகிறான் என்று வையுங்கள். 15 லட்சத்துக்கு ஒரு சின்ன வீடு பார்க்கிறான். ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கடன் கிடையாது. ஆக 13.50 லட்சம் கடன், 1.50 லட்சம் கைப்பணம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது ஒரு 1.35 லட்சம். சாவி கைக்கு வரும் முன்பே சுமார் 3 லட்சம் வேண்டும். பிறகு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 11,700 ரூபாய். மொத்தம் 28 லட்சத்துக்கு மேல் கட்டுவான். 15 ஆயிரத்தில் 11,700 போனால் மிச்சம் 3,300. அதில் அரிசி, பால், ஸ்கூல் பீஸ், ஊருக்குப் போகும் பஸ் செலவு. வங்கி மேலாளர் கொடுக்கவும் மாட்டார், கொடுத்தாலும் இவனால் கட்ட முடியாது. அவன் 15 ஆயிரத்துக்கு வாங்கிய செல்போனை விட்டிருந்தால்கூட மிச்சமாகியிருப்பது ஒன்றேகால் மாதத் தவணைதான்.

"அரசாங்கம்தான் பணம் கொடுக்குதே" என்பீர்கள். உண்மை, அதை மறைக்கக் கூடாது. 2011-இல் வந்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடிக்கு 1.80 லட்சம் கொடுத்தார்கள். 2024-இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு 3.50 லட்சம். இதனால் நம் மலையிலும் பல குடும்பங்கள் ஒழுகாத கூரைக்குள் வந்திருக்கின்றன. ஆனால் அதற்கு முதலில் நம் பெயரில் பட்டா வேண்டும். பணம் கட்டடம் எழும்ப எழும்பத் தவணையாகத்தான் வரும். சிமெண்டும் மணலும் ஜல்லியும் கீழேயிருந்து மலையேறும்போது லாரி வாடகையும் ஏறுகிறது. இடையில் கை கடித்தால் வட்டிக்கு வாங்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2006 வன உரிமைச் சட்டத்தில் கிடைக்கும் நிலம் பிள்ளைகளுக்கு வாரிசாகப் போகும், ஆனால் விற்க முடியாது. அந்த விதி நல்லது என்பதுதான் என் கருத்து. அது இல்லாவிட்டால் காசுள்ளவர்கள் எப்போதோ மலையை வாங்கியிருப்பார்கள். ஆனால் விற்க முடியாத நிலத்தை வீட்டுக் கடனுக்கு அடமானமாகக் காட்டுவது எப்படி? சமவெளியில் ஒரு அப்பா அரை ஏக்கரை விற்றுப் பிள்ளைக்கு முன்பணம் கொடுப்பார். இங்கிலாந்தில்கூட இளைஞர்கள் பலர் அப்பா அம்மா கொடுக்கும் பணத்தில்தான் முதல் வீடு வாங்குகிறார்கள். நம் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. அவனுடைய பரம்பரையிலேயே காசு கொடுத்து வீடு வாங்கப் பார்க்கும் முதல் ஆள் அவன்தான்.

பழைய வழிக்கும் திரும்ப முடியாது. முன்போலக் காட்டில் மரம் மூங்கில் எடுக்க முடியாது. கூரை வேய வரவேண்டிய மாமன் மச்சான் கேரளாவிலும் கர்நாடக காபித் தோட்டத்திலும் கூலிக்கு இருக்கிறான். அதனால்தான் சொல்கிறேன், இவர்களுக்கு வீடு எங்களைவிடக் கஷ்டம், மலைப் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு கஷ்டம். குறை அவர்கள் குணத்தில் இல்லை.

பெரியவர்களுக்கு என் வேண்டுகோள். "சொந்த வீடு இருந்தாத்தான் பொண்ணு தருவோம்" என்று 25 வயதுப் பையனிடம் கேட்காதீர்கள். உங்கள் பெயரில் இருக்கும் நிலத்தின் பட்டா, பாகப்பிரிவினை எல்லாவற்றையும் நீங்கள் இருக்கும்போதே சரிசெய்து கொடுங்கள். இன்றைக்கு நாம் கொடுக்கக்கூடிய பெரிய முன்பணம் அதுதான்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மாதத் தவணையில் மனை என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நகரத்தில் வாங்குகிறவர்கள் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வட்டி மானியத்தைப் பற்றி வங்கியில் கேளுங்கள், தகுதி இருந்தால் 1.80 லட்சம் வரை கிடைக்கும். வாடகை வீட்டில் இருப்பதை அவமானமாக நினைக்காதீர்கள். கந்துவட்டிக்கு வாங்கி வீடு கட்டாதீர்கள்.

பட்டாவுக்கோ வன உரிமைக்கோ மனு எழுதத் தெரியவில்லை என்றால் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம். உங்கள் ஊரில் நிலைமை எப்படி என்று கீழே எழுதுங்கள். எல்லோரும் நல்லா இருங்க.