கண்ணாடி மேடை, மொசைக் சுவர்: நம்ம கிச்சனுக்கு செட் ஆகுமா?

புது ஃபிளாட்டின் சாவி கைக்கு வந்ததும் முதலில் தொடங்குவது கிச்சன் பேச்சுதான். ரீல்ஸில் பார்த்த ஒரு கிச்சன் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடல் நிறத்தில் மின்னும் கண்ணாடி மேடை, பின்சுவரில் பொடிப்பொடிக் கட்டங்களாக மொசைக் டைல்ஸ், அடியில் எல்இடி வெளிச்சம். 'இதே மாதிரி வேணும்' என்று டிசைனருக்கு ஸ்க்ரீன்ஷாட் பறக்கும்.

கேட்பதில் தப்பில்லை. ஆனால் வீட்டுக் கடனோடு சேர்த்து இன்டீரியருக்கும் இஎம்ஐ கட்டும் ஒருவர், அந்த மேடையில் தினமும் என்ன நடக்கப்போகிறது என்பதையும் யோசித்துவிட்டுக் கேட்பது நல்லது.

கண்ணாடி மேடை என்றால் என்ன?

இதற்குப் பயன்படுவது ஜன்னலில் போடும் சாதாரணக் கண்ணாடி இல்லை, 'டஃபன்டு' கண்ணாடி. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக அடித்துக் குளிரவைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம்.

இதில் நல்ல விஷயங்கள் உண்டு. கண்ணாடியில் நுண்துளைகள் கிடையாது. மஞ்சள் தூள் கொட்டினாலும் உள்ளே இறங்காது. வெளிச்சம் குறைந்த ஃபிளாட் கிச்சன்களில் இருக்கிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

ஆனால் டஃபன் செய்த பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. சிங்க், ஹாப், குழாய் எல்லாவற்றுக்கும் முன்பே அளவெடுத்துத் துளை போட்டிருக்க வேண்டும். நாளைக்கு ஆர்ஓ குழாய்க்கு ஒரு ஓட்டை வேண்டுமென்றால் மேடையையே மாற்ற வேண்டியதுதான். கிரானைட் என்றால், ஆள் வந்து அரை மணியில் போட்டுவிட்டுப் போவார்.

நம் சமையலுக்குத் தாங்குமா?

சூட்டைப் பெருமளவு தாங்கும். பிரச்சினை வேறு இடத்தில். டஃபன்டு கண்ணாடியின் பலவீனம் அதன் விளிம்பு. இட்லி குண்டானோ குக்கரோ விளிம்பில் பலமாக மோதினால், முழுப் பலகையும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகச் சிதறிவிடலாம். கிரானைட்டில் மூலை உடைந்தால் எபாக்ஸி வைத்துப் பூசிச் சமாளிக்கலாம். கண்ணாடியில் அந்த வாய்ப்பு கிடையாது.

அபூர்வமாக, யாரும் தொடாமலேயே உடைவதும் உண்டு. தயாரிப்பின்போது உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துகள் காலப்போக்கில் விரிவதுதான் இதற்கு ஒரு காரணம். 'ஹீட் சோக்' சோதனை செய்த கண்ணாடியில் இந்த ஆபத்து குறைவு.

அடுத்தது கீறல். கண்ணாடியைவிட மணல் கடினமானது. மிக்ஸியையோ கிரைண்டரையோ இழுத்து நகர்த்தும்போது அடியில் ஒரு மணல் துகள் இருந்தால் போதும், கோடு விழும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் இன்னொரு தலைவலி: ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை உப்புப் புள்ளியாக நிற்கும். கறுப்பு கிரானைட்டிலும் உப்புக் கறை தெரியும். ஆனால் கண்ணாடியில் அதோடு கைரேகை, எண்ணெய்த் தடம் எல்லாமே தெரியும்.

மொசைக்: எண்ணெய் எங்கே போய் உட்காரும்?

நம்ம ஊர் பழைய வீடுகளில் 'மொசைக் தரை' என்று சொல்வது, சிமென்ட்டில் மார்பிள் சில்லுகளைக் கலந்து தேய்த்த தரையை. இப்போது கடைகளில் விற்கும் மொசைக் டைல்ஸ் வேறு. சின்னக் கண்ணாடி அல்லது செராமிக் துண்டுகளை வலையில் ஒட்டி, ஒரு அடி சதுரத் தாள்களாகத் தருகிறார்கள்.

துண்டுகளில் பிரச்சினை இல்லை, இடைவெளிகளில்தான் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு. பத்து அடி நீளம், இரண்டு அடி உயரமுள்ள சுவரில் இரண்டுக்கு ஒன்று அடி டைல்ஸ் ஒட்டினால், டைல்களுக்கு இடையே வரும் இணைப்புகளின் மொத்த நீளம் 18 அடி. அதே சுவரில் ஒரு அங்குல மொசைக் ஒட்டினால் சுமார் 468 அடி! தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெயும் மஞ்சளும் உட்காரும் இடம் இந்த இணைப்புகள்தான். சிமென்ட் கிரவுட் என்றால் உறிஞ்சிக்கொண்டு பழுப்பேறும். எபாக்ஸி கிரவுட் கறையைத் தடுக்கும், ஆனால் விலை கூடுதல். போடத் தெரிந்த மேஸ்திரியும் வேண்டும்.

இங்கே யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த 468 அடியை யார் தேய்ப்பது? டிசைனைத் தேர்வு செய்பவரும் பிரஷ் பிடிப்பவரும் பல வீடுகளில் ஒரே ஆள் இல்லை. அம்மாவோ, மனைவியோ, வேலைக்கு வரும் அக்காவோதான் தேய்க்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் போடும் கிச்சன் டிசைன் அரைகுறைதான்.

அப்போ குவார்ட்ஸ் போட்டுவிடலாமா?

கண்ணாடி வேண்டாம் என்றதும் ஷோரூமில் அடுத்து நீட்டுவது குவார்ட்ஸ். அரைத்த குவார்ட்ஸ் கல்லைப் பிசினோடு கலந்து இறுக்கிய செயற்கைப் பலகை இது. கறை பிடிக்காது. ஆனால் பிசின் இருப்பதால், கொதிக்கும் கடாயை நேராக வைத்தால் நிறம் மாறலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், வெட்டுபவரின் நுரையீரல். பல குவார்ட்ஸ் பலகைகளில் படிகச் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல். உலர்வாக வெட்டும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸை உண்டாக்கும். இதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. இளம் தொழிலாளர்கள் பலர் பாதிக்கப்பட்டதால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்தச் செயற்கைக் கல்லைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை விதித்தது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான்.

கிரானைட்டில் சிலிக்கா குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இந்தியாவில் சிலிக்கோசிஸ் சட்டப்படி கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். ஆனால் அபார்ட்மென்ட் படிக்கட்டில் உட்கார்ந்து, மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டு கட்டர் ஓட்டுபவர் எந்தத் தொழிற்சாலைக் கணக்கில் வருவார்?

என்ன செய்யலாம்?

தினசரி சமையல் நடக்கும் மேடைக்கு இயற்கைக் கிரானைட்டே இன்றைக்கும் சரியான தேர்வு. சூடு தாங்கும், பழுது பார்க்கலாம். கிருஷ்ணகிரி, மதுரை பக்கமே கிடைக்கிறது. வெளிர் நிறக் கல் என்றால் கறை இறங்காமலிருக்க சீலர் அடித்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடி மீது ஆசை இருந்தால் அதைச் சுவரில் ஏற்றுங்கள். பின்பக்கம் நிறம் பூசிய டஃபன்டு கண்ணாடியை அடுப்புக்குப் பின்னால் ஒரே பலகையாகப் பொருத்தினால் இணைப்பே இருக்காது. ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். கட்டடங்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடியின் இந்தியத் தர எண் ஐ.எஸ். 2553. வாங்கும் கண்ணாடி அந்தத் தரத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மொசைக் அழகை மொத்தமாக விட வேண்டியதில்லை. அடுப்பிலிருந்து தள்ளி, காபி மெஷினுக்குப் பின்னாலோ க்ராக்கரி அலமாரிப் பக்கமோ ஒட்டலாம். கிரவுட் மட்டும் எபாக்ஸியாக இருக்கட்டும்.

எந்தக் கல்லாக இருந்தாலும் சிங்க், ஹாப் துளைகளைப் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு வெட்டி அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்ணீரும் முறையான மாஸ்க்கும் வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். சில ஆயிரம் கூடலாம். லட்சக்கணக்கில் செலவாகும் கிச்சனில் அந்தத் தொகைக்குப் பேரம் பேசக் கூடாது.