ஹெல்சிங்கிக்குச் சொல்வதை அடுத்த தெருவுக்கும் சொல்லலாமே

கடலூர் சிப்காட்டிலோ குஜராத்தின் அங்கலேஷ்வரிலோ ஓர் ஆலை புதிதாக ஒரு சாயத்தைத் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் ஐரோப்பாவுக்குப் போகிறது. அவ்வளவுதான், 'ரீச்' சட்டம் வாசலில் வந்து நிற்கும். 2007 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின்படி, பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் உள்ள ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் அந்தச் சாயத்தைப் பதிவு செய்யாமல் ஒரு டிரம்கூட உள்ளே நுழையாது. தோலில் பட்டால் அரிக்குமா, கண்ணுக்குக் கேடா, ஒவ்வாமை தருமா, மரபணுவைச் சிதைக்குமா, தண்ணீரில் வாழும் சிற்றுயிர்களையும் பாசியையும் என்ன செய்யும், தானாக மக்குமா என்று அடுக்கடுக்கான கேள்விகள். நம் ஆலை அங்கே நேரடியாக விண்ணப்பிக்கவும் முடியாது. ஐரோப்பாவிலேயே ஒரு பிரதிநிதியை அமர்த்தி, அவர் பெயரில் கோப்பைச் சமர்ப்பிக்க வேண்டும்; இல்லையென்றால் அங்குள்ள இறக்குமதியாளர் பதிவு செய்ய வேண்டும். ஏற்றுமதி செய்கிறவர்கள் இதை முணுமுணுத்துக்கொண்டாவது செய்கிறார்கள். ஆர்டர் போய்விடுமே!

அதே சாயத்தை அதே ஆலை உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் செய்தால் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட முன்கூட்டிப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆலைக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். பெரிய திட்டமென்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அவையெல்லாம் ஆலைக்கான அனுமதிகள். 'இதுவரை உலகில் இல்லாத ஒரு பொருளைச் செய்யப்போகிறேன், அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது' என்று பொருளின் பெயரால் அரசுக்கு அறிவிக்கை கொடுக்கும் ஏற்பாடு, தொழிற்சாலை வேதிப்பொருள்களைப் பொறுத்தவரை, நம்மிடம் இல்லை. 2011 முதல் ஓ.இ.சி.டி. எனும் பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகள் நம்முடைய ஜி.எல்.பி. (நல்ல ஆய்வக நடைமுறை) சான்று பெற்ற ஆய்வகங்களின் சோதனை முடிவுகளை ஏற்கின்றன. ஆக, சோதனையே நம் மண்ணில் நடக்கலாம், அதன் அறிக்கை ஹெல்சிங்கியில் உட்கார்ந்திருக்கலாம், ஆலைக்கு அடுத்த தெருவில் இருப்பவருக்கு மட்டும் அந்தப் பொருளின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் விசித்திரம்.

இந்த ஓட்டையை அடைப்பது அரசின் வேலை என்று கைகாட்டிவிட்டு நகர்வது எளிது. அரசின் பங்கு பெரிதுதான், ஆனால் அரசாணை ஒன்று மட்டும் போதாது. ஏன் என்பதற்கு, எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாட்டில் நடந்த ஒரு கதையையே பார்க்கலாம்.

அமெரிக்காவில் 1976-இல் வந்த நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, புதிய வேதிப்பொருளைத் தயாரிக்கத் தொடங்குவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் அறிவிக்கை கொடுக்க வேண்டும். அந்தப் படிவம் வெறும் பெயரும் வாய்பாடும் கேட்பதோடு விடுவதில்லை. முதல் 3 ஆண்டுகளில் அதிகபட்சம் எவ்வளவு தயாராகும், எதற்குப் பயன்படும், கூடவே என்னென்ன மாசும் துணைப்பொருளும் வரும், டிரம்மில் நிரப்புகிற இடத்தில் எத்தனை பேர் நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்பார்கள், ரியாக்டரைக் கழுவுகிற தண்ணீர் எங்கே போகும் என்று தயாரிப்பின் ஒவ்வொரு படியையும் வரைபடத்தோடு கேட்கும். கையிலுள்ள சோதனை முடிவுகள் அனைத்தையும் இணைக்க வேண்டும். ஆனால் கையில் இல்லாததைச் சோதித்துத்தான் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் பெரும்பாலான அறிவிக்கைகள் உடல்நலச் சோதனை எதுவும் இல்லாமலே வந்தன. முகமையின் வல்லுநர்கள் மூலக்கூறின் அமைப்பை ஏற்கெனவே தெரிந்த பொருள்களோடு ஒப்பிட்டு அதன் நடத்தையைக் கணித்தார்கள். 2016-இல் சட்டம் திருத்தப்படும்வரை, கெடுவுக்குள் முகமை ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவே சம்மதம். இப்போது முகமை வாய் திறந்து ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும்.

2008-இல் டூபாண்ட் நிறுவனம் இப்படி இரண்டு அறிவிக்கைகளைக் கொடுத்தது. டெஃப்லான் தயாரிப்பில் பயன்பட்ட சி8 என்ற பொருளைக் கைவிட வேண்டிய நிலை. அதற்கு மாற்றாக வந்ததுதான் பின்னாளில் ஜென்எக்ஸ் என்று பேர் பெற்ற இரசாயனம். முகமை கண்ணை மூடிக்கொண்டு விடவில்லை. 2009-இல் ஓர் உடன்பாட்டு ஆணை போட்டு, கழிவுநீரிலும் காற்றிலும் போவதில் 99 விழுக்காட்டைப் பிடித்தாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வட கரோலினா மாநிலத்தில் கேப் ஃபியர் ஆற்றங்கரையில், ஃபயட்வில் அருகே அந்த ஆலை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் வில்மிங்டன் நகரம் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. முகமையின் விஞ்ஞானிகளும் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆற்றையும் குழாய்த் தண்ணீரையும் சோதித்து, 2016 இறுதியில் வெளியிட்ட ஆய்வில் ஜென்எக்ஸ் குடிநீரில் இருப்பதைச் சொன்னார்கள். வழக்கமான சுத்திகரிப்பு அதைத் தொடவே இல்லை. 2017 ஜூனில் உள்ளூர் நாளிதழ் இதைச் செய்தியாக்கியபோதுதான் ஊர் விழித்தது. அதற்குள் ஆலை கெமூர்ஸ் என்ற புதிய நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. அதிகாரிகளிடம் நிறுவனம் சொன்ன விளக்கம்தான் இந்தக் கதையின் முடிச்சு. ஆணைக்கு உட்பட்ட தயாரிப்பிலிருந்து அது ஆற்றுக்குப் போகவில்லையாம். அதே வளாகத்தில் வேறொரு பொருளைச் செய்யும்போது அதே மூலக்கூறு துணைப்பொருளாக உருவாகிக்கொண்டிருந்தது. அது 1980 முதலே ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. புதிய பொருள் என்று 2008-இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 30 ஆண்டுகளாக ஆற்றுக்குப் பழைய பொருள்! துணைப்பொருளுக்கு அந்த ஆணை பொருந்தாது.

ஒரு வளாகம், இரண்டு தயாரிப்பு வரிசை, ஒரே மூலக்கூறு. ஒரு வரிசைக்கு 99 விழுக்காடு நிபந்தனை, பக்கத்து வரிசைக்கு ஒன்றுமில்லை. 2019-இல் மாநில அரசும் ஆற்றைக் காக்கும் ஓர் உள்ளூர் அமைப்பும் நிறுவனமும் சேர்ந்து நீதிமன்றத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன; 1.2 கோடி டாலர் அபராதம். வில்மிங்டன் குடிநீர் ஆணையம் கரித்துகள் வடிகட்டிகளை அமைத்து இயக்கியது 2022-இல். அந்தச் செலவு முதலில் விழுந்தது குடிநீர்க் கட்டணம் கட்டுகிற குடும்பங்களின் தலையில்.

இதில் யாருடைய தவறு என்று பட்டிமன்றம் நடத்தலாம். அறிவிக்கை தயாரித்தவர் தன் பொருளின் எல்லைக்குள் நின்று எழுதினார். பக்கத்து வரிசையை நடத்தியவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று படிவமும் வற்புறுத்தவில்லை. முகமை வந்த காகிதத்தைப் பார்த்தது, போகும் ஆற்றைப் பார்க்கவில்லை. குடிநீர் ஆணையத்துக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு உண்மை இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைக்க ஆளில்லை. புதிய பொருளுக்கான அறிவிக்கையை ஏதோ ஒழுங்குமுறைப் பிரிவின் எழுத்து வேலையாக நினைத்தால் இதுதான் நடக்கும்.

இப்போது நம் கதைக்கு வருவோம். விஷத்தைப் பற்றிய நம் சட்டங்கள் பெரும்பாலும் சாவுக்குப் பின்னால் வந்தவை. 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் பூச்சிக்கொல்லி கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. அதனால் இன்று ஒரு பூச்சிமருந்தைப் பதிவு செய்யாமல் விற்க முடியாது. அதே 1968-இல் ஜப்பானில் கனேமி தவிட்டு எண்ணெயில் பாலிகுளோரினேற்ற பைஃபீனைல் கலந்து ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். அவர்கள் 1973-இல் கொண்டுவந்த சட்டம், புதிய தொழிற்சாலை வேதிப்பொருள் எதுவானாலும் தயாரிப்பதற்கு முன்பே அரசிடம் சொல்ல வேண்டும் என்றது. நாம் பூச்சிமருந்தோடு நிறுத்திக்கொண்டோம். 1984 போபாலுக்குப் பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 1989-இல் அபாயகர இரசாயன விதிகளும் வந்தன. இரண்டும் தேவையானவை, ஆனால் அந்த விதிகள் தெரிந்த அபாயங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருப்பு வைப்பவரைக் கேள்வி கேட்கின்றன. பட்டியலில் இன்னும் இடம்பெறாத புதுப்பொருள் அந்த வலையில் சிக்காது.

இத்தனைக்கும் இதற்கான நியாயத்தை நாட்டுக்கே சொன்னது நம் பாலாறுதான். அந்த ஆற்றைக் கெடுத்த தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது: முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி. தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருக்கே. கேடு வந்தது என்று ஊர்க்காரர் நிரூபித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. புதிய பொருளுக்கான அறிவிக்கை என்பது இந்தத் தீர்ப்பைப் படிவமாக்கியதுதான். தீர்ப்பு இருக்கிறது, படிவம்தான் இல்லை.

வேதிப்பொருள் மேலாண்மை மற்றும் பாதுகாப்பு விதிகள் என்ற பெயரில் ஒன்றிய அரசு வரைவுகளைச் சுற்றுக்கு விட்டது. 2020-இல் வந்த வரைவு, ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோ அறிவிக்கை தர வேண்டும் என்றது. உடனே எழுந்த எதிர்ப்பில் ஒரு பங்கு வழக்கமான அலுப்பு, அதை ஒதுக்கிவிடலாம். மறுபங்கை ஒதுக்க முடியாது. பத்துப் பதினைந்து பேரை வைத்துச் சாயமோ துணை இரசாயனமோ செய்கிற சிறு ஆலைக்கு ஒரு நச்சியல் சோதனையின் செலவே ஆண்டு லாபத்தை விழுங்கிவிடும். இந்த பயம் நியாயமானது. அதற்கு விடையும் உண்டு. ரீச் சட்டத்தில் ஒரே பொருளைச் செய்யும் பலர் ஒரே கோப்பைக் கூட்டாகச் சமர்ப்பிக்கிறார்கள், முதுகெலும்புள்ள விலங்குகள் மீதான சோதனையை இரண்டாவது முறை செய்யத் தடை, தரவைப் பகிர்ந்து செலவையும் பகிர வேண்டும், சிறு நிறுவனங்களுக்குக் கட்டணம் குறைவு. நம்மிடம் லக்னோவில் நச்சியல் ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. சென்னை அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வகங்கள் சிறுதொழிலின் கோப்புக்குத் தோள் கொடுப்பது சலுகை ஆகாது, அவை இருப்பதே அதற்காகத்தான்.

கூட்டாகச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் நினைத்துப் பார்க்கலாம். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்படுத்திய பென்டாகுளோரோஃபீனாலை ஜெர்மனி 1980-களின் இறுதியில் தடைசெய்தபோது ஏற்றுமதியே நின்றுவிடும் போலிருந்தது. தோல் ஆலைகளும் இரசாயனம் விற்றவர்களும் அடையாறு விஞ்ஞானிகளும் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே மாற்றுப்பொருளுக்கு மாறினார்கள். 1994-இல் குறிப்பிட்ட அசோ சாயங்களுக்குத் தடை வந்தபோதும் அப்படியே. பாலாறு பல்லாண்டு கதறியும் நகராத சக்கரம், வாங்குபவர் ஒரு கடிதம் போட்டதும் நகர்ந்தது என்பதில் நமக்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கலாம். ஆனால் நகர முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாதவை பல உண்டு. திருப்பூரின் சாயப்பட்டறை முதலாளி, பெயரில்லாத கலவையை விலை மலிவென்று வாங்காமல், 'இதில் என்ன இருக்கிறது, எழுதிக் கொடு' என்று விற்பவரைக் கேட்கலாம். கலவையில் இருப்பது என்னவென்று மறைக்கிற விற்பனையாளர்தான் நேர்மையான அறிவிக்கைக்கு முதல் எதிரி. அவரால் அடுத்த கட்டத்தில் இருக்கும் எவரும் உண்மையை எழுத முடியாமல் போகிறது. தொழில் இரகசியம் என்பார்கள். செய்முறை இரகசியமாகவே இருக்கட்டும், உடலை என்ன செய்யும் என்பது இரகசியமாக இருக்க முடியாது. போபாலுக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்ந்த 41பி பிரிவே, அபாயங்களைத் தொழிலாளருக்கும் உள்ளாட்சிக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் வெளிப்படுத்த வேண்டும் என்றது.

பாதுகாப்புத் தகவல் தாள் என்ற எம்.எஸ்.டி.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் பொருளை விற்கும் நாட்டின் மொழியில் அதைத் தருவது சட்டக் கட்டாயம். நம் ஆலை செய்த சாயத்தைப் பின்லாந்தில் கையாளும் தொழிலாளிக்குப் பின்னிய மொழியில் தாள் கிடைக்கும். அதே சாயத்தை இங்கே டிரம்மில் அள்ளிப் போடுகிறவருக்கு ஆங்கிலத் தாள், அதுவும் அலுவலக பீரோவில். இதைத் தமிழில் அச்சடித்து ரியாக்டர் பக்கத்தில் ஒட்ட எந்த வரைவு விதியும் நிறைவேற வேண்டியதில்லை. வடமாநிலத் தொழிலாளர் நிறைய இருக்கும் ஆலையென்றால் இந்தியும் ஒடியாவும் சேரட்டும்.

விதி வரும்போது அதில் துணைப்பொருளுக்குத் தனிப் பக்கம் வேண்டும். 'இதே மூலக்கூறு இந்த வளாகத்தில் வேறெங்கேனும் உருவாகிறதா?' என்ற கேள்வி அதில் முதலாவதாக இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் நிர்வாக இயக்குநரின் கையெழுத்து மட்டும் போதாது. பக்கத்து வரிசையின் ஷிப்ட் மேற்பார்வையாளரும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுபவரும் கையொப்பமிட வேண்டும். அதன் ஒரு படி, ஆற்றின் கீழ்ப்புறத்தில் தண்ணீர் எடுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் ஊராட்சிக்கும் போக வேண்டும்.